கிணற்றுப் பங்கும் கிரயப் பத்திரமும்

தோட்ட நிலம் வாங்கும் விவசாயிகள் மண்ணையும் தண்ணீரையும் நன்றாகவே பார்க்கிறார்கள். பத்திரத்தை மட்டும் எழுத்தர் கையில் விட்டுவிடுகிறார்கள். நிலம் ஒரு சர்வே எண்ணிலும் பொதுக்கிணறு வேறொரு சர்வே எண்ணிலும் இருப்பதுண்டு. எனவே கிணறு உள்ள உட்பிரிவு எண், அதில் வாங்குபவரின் பங்கு மூன்றில் ஒன்றா நான்கில் ஒன்றா, தண்ணீர் இறைக்கும் முறைநாள், மோட்டாரிலும் மின் இணைப்பிலும் உள்ள பாத்தியம், வாய்க்கால் செல்லும் வழி, வண்டிப் பாதையின் அகலம் ஆகியவை கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் இடம்பெற வேண்டும். 'பழைய வழக்கப்படி' என்று எழுதி முடிப்பது போதாது. வழக்கம் அறிந்த பெரியவர் காலமானதும் தகராறு தொடங்கிவிடும். பயிர் வாடும் வேளையில் வழக்காடிப் பயனில்லை.

வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது நல்லது. ஆயினும் அதில் பதிவான பத்திரங்களே வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதியாத உயிலும் தெரியமாட்டா. பட்டா மட்டுமே உரிமைப் பத்திரமாகாது. இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தெனில் விற்பவரின் சகோதரிகளும் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுமைக்கும் 2005-லும் வந்த வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்கள் மகளுக்கும் பங்கு அளித்துள்ளன. 'சீர் கொடுத்தாயிற்று' என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது.

பதிவு முடிந்த கையோடு உட்பிரிவுப் பட்டாவுக்கும் மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கும் மனுச் செய்துவிட வேண்டும்.