எண்ணெய்க் குளியல் ஒத்துக்கலையா? கீசரையும் பாருங்க!

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா எனக்கு ஒத்துக்கறதே இல்லீங்க டாக்டர். குளிச்சு முடிச்சு வெளியே வந்தா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. குமட்டிக்கிட்டு வருது. போன வெள்ளிக்கிழமை கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேங்க."

கோவையில் ஒரு மழைக்காலத்தில் என்னிடம் வந்த பெண்மணி சொன்னது இது. வயது நாற்பதுக்குள் இருக்கும். இப்படி யாராவது வந்து சொன்னால் ஒரு சித்த மருத்துவனின் மனசு முதலில் எங்கே போகும்? நீர்க்கோவைக்குத்தான். நானும் அங்கேதான் போனேன். நீர்க்கோவை மாத்திரையை வெந்நீரில் இழைத்து நெற்றியில் பற்றுப் போடச் சொன்னேன். நல்லெண்ணெய்க்குப் பதில் சுக்குத் தைலம் கொடுத்தேன். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், மலம், சிறுநீர், தூக்கம் எல்லாம் விசாரித்தேன். குளிக்கிற அறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். வலி குறையவில்லை. போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னார். "எம் பையனுக்கும் குளிச்சு வந்தா தலைவலிங்க. இத்தனைக்கும் அவன் எண்ணெய் பக்கமே போறதில்லை."

எனக்குச் சுருக்கென்றது. "வெந்நீர் எதிலே போடறீங்கம்மா?" என்றேன்.

"கேஸ் கீசருங்க. அது பெரிய ரோதனை. பாதிக் குளியல்ல அணைஞ்சு போயிரும். ஏதோ நம்பர் காட்டும். இப்போ எங்க வீட்டுக்காரரு சரி பண்ணிட்டாருங்க."

"எப்படிம்மா சரி பண்ணினார்?"

"காத்து அடிச்சுத்தான் தீ அணையுதுன்னு வென்டிலேட்டரை அட்டை வெச்சு அடைச்சுட்டாருங்க. அதுக்கப்புறம் அவ்வளவா அணையறதில்லை."

அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போனேன். ஆறடிக்கு நாலடி பாத்ரூம். சுவரில் கீசர். அதன் மேல்பக்கச் சுவர் முழுக்கக் கரி. குழாயைத் திறந்ததும் எரிந்த தீ நீலமாக இல்லை, மஞ்சளாக இருந்தது. எண்ணெயையும் நீர்க்கோவையையும் அங்கேயே தலைமுழுகினேன்!

நடந்தது இதுதான். கேஸ் எரிய ஆக்சிஜன் வேண்டும். அடைத்த அறையில் அது குறையக் குறைய, கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். இதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது பிடித்துக்கொள்ளும். மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டிய ஆக்சிஜன் போகாது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு, கால் துவளுவது. அதையும் தாண்டினால் மயக்கம். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்கிறவர் மயங்கி விழுந்தால், வெளியே இருப்பவருக்குத் தண்ணீர் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த மாதிரி போன உயிர்கள் நம் நாட்டில் எத்தனையோ.

எண்ணெய்க் குளியலுக்கு ஏன் கூடுதல் ஆபத்து என்று இப்போது புரிந்திருக்கும். மற்ற நாளில் பத்து நிமிஷத்தில் முடிகிற குளியல், சீயக்காய் போட்டு எண்ணெய் போக அலசுவதற்குள் அரைமணி ஆகிவிடும். அவ்வளவு நேரமும் அடுப்பு எரிகிறது. பழி மட்டும் எண்ணெய் மேல்!

சரி, கீசர் ஏன் அணைந்தது? இந்த இயந்திரத்தின் உள்விவகாரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் வேகம் உள்ளே ஒரு ஸ்விட்சைத் தள்ளுகிறது. பேட்டரி பொறி தட்டுகிறது, கேஸ் திறக்கிறது. தீ பற்றிக்கொண்டதா என்று ஒரு சிறு கம்பி பார்த்துக்கொண்டே இருக்கும். சில விநாடியில் தீ தென்படாவிட்டால், அல்லது எரிகிற தீ நடுவில் நின்றுவிட்டால், கேஸை மூடிவிட்டு எண்ணைக் காட்டும். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கீசரில் தீ பற்றவில்லை என்பதற்குக் காட்டுகிற எண், இன்னொன்றில் சூடு அதிகம் என்பதற்காக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பாமல், கூடவே வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. பொறி தட்டுகிற டிக் டிக் சத்தம் மந்தமாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். சிலிண்டர் தீர்ந்துவிட்டதா, ரெகுலேட்டர் திறந்திருக்கிறதா பாருங்கள். (சிரிக்காதீர்கள், பாதிப்பேர் இதைப் பார்ப்பதற்குள் மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிடுகிறோம்!) அடுத்தது தண்ணீர் வேகம். தொட்டி ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 0.1 பார் அழுத்தம்தான் தரும். மொட்டை மாடியில் தாழ்வாகத் தொட்டி வைத்து, அதற்கு நேர்கீழே பாத்ரூம் இருந்தால் கீசர் திணறும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் தொந்தரவு குறைவு. போர் தண்ணீர் என்றால் ஷவர் கண்ணும் கீசருக்குள் தண்ணீர் நுழையுமிடத்து வடிகட்டியும் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மெதுவாகப் போனால் உள்ளே சூடு ஏறும், அதற்கும் கீசர் அணையும். பல கீசர்களில் 20 நிமிஷத்தில் தானாக அணைகிற ஏற்பாடும் உண்டு. அது கோளாறு இல்லை, 'போதும், வெளியே வா' என்று அர்த்தம். குழாயை மூடித் திறந்து மறுபடி ஏமாற்றாதீர்கள்.

சில கீசர்களில் அறையில் ஆக்சிஜன் குறைந்தாலும் அணைக்கிற பாதுகாப்பு இருக்கிறது. எல்லாவற்றிலும் கிடையாது. "அந்த சென்சார்தான் சார் தொல்லை, கழட்டிவிட்டா ஓடும்" என்று சொல்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மஞ்சள் தீ, கரி, புகை போகிற வழியில் அடைப்பு, இவற்றில் நீங்கள் கை வைக்க வேண்டாம். கேஸை மூடிவிட்டு, கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

குளிக்கப் போனவர் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லையா? யோசிக்காமல் கதவை உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108-க்குச் சொல்லுங்கள். மூச்சோ நாடியோ இல்லை என்றால் வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "கேஸ் கீசர்" என்று சொல்லிவிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி வைத்தோமே விரலில் மாட்டுகிற கருவி, அது இந்த விஷயத்தில் பொய் சொல்லும். ரத்தத்தில் விஷவாயு ஏறியிருந்தாலும் 98 என்று காட்டும். இதற்கு என்னிடம் கஷாயமும் இல்லை, செந்தூரமும் இல்லை. ஆக்சிஜன்தான் மருந்து, அது ஆஸ்பத்திரியில்தான். கர்ப்பிணிகள் லேசாகத் தலை சுற்றினால்கூட உடனே போய்விட வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்.

அந்த வீட்டுக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லா ஓடிட்டிருக்குதுங்களே சார், இனி அதை எதுக்குங்க நோண்டோணும்?" என்றார். நான் ஒன்றும் வாதாடவில்லை. "பையனுக்கு எதனால தலைவலின்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றவர், ஸ்டூலைப் போட்டு ஏறி அட்டையைக் கழற்றினார். அன்றே கீசருக்குப் போகிற கேஸை மூடியாகிவிட்டது. தாயையும் பிள்ளையையும் ஒரு பொது மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்து பர்னரைச் சுத்தம் செய்து, கீசரைப் பாத்திரம் கழுவுகிற திறந்த பால்கனிக்கு மாற்றி, குழாய் வழியாக வெந்நீரை உள்ளே கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். நாலு வெள்ளிக்கிழமையும் எண்ணெய் தேய்த்துக் குளித்தாராம், ஒரு தொந்தரவும் இல்லையாம். பழையபடி நல்லெண்ணெய்தான். மிச்சமிருந்த சுக்குத் தைலத்தை மாமியாருக்குக் கொடுத்துவிட்டாராம்.