தோளும் கப்பியும்



கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்குக் கப்பி புதிதன்று. அதே கப்பி இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஓர் உயர்ந்த சட்டத்தில் ஏறி நிற்கிறது. அதன்மேல் ஓடும் கம்பி வடத்தின் ஒரு முனையில் எடைத் தகடுகளும் மறுமுனையில் கைப்பிடியும் உள்ளன. 'கேபிள் மெஷின்' என வழங்கும் இப்பொறி தோளுக்கு எவ்வாறு உதவுகிறது என்பதை இன்று காண்போம்.

இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ஆழ்ந்த கிண்ணத்துள் அடங்கியிருக்கிறது. தோளிலோ மேற்கை எலும்பின் தலை, தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்போல ஆழமற்ற குழியில் அமர்ந்திருக்கிறது. ஆதலால் கை எத்திசையும் சுழல்கிறது. எளிதில் நிலைபெயரவும் கூடும். எலும்பின் தலையைக் குழியில் நிறுத்தக் காவலர்போல் உள்ளே நான்கு சிறு தசைகள் இருக்கின்றன. வெளியே தெரியும் பெருந்தசைக்கு முன், நடு, பின் என மூன்று பகுதிகள் உண்டு. கண்ணாடியில் தெரியும் முன்பகுதியையே இளைஞர் பலர் வளர்க்கின்றனர். ஏனையவை மறக்கப்படுகின்றன.

நானும் மறந்தவனே. என் பழைய மாணவர் ஒருவர் காவலர் தேர்வுக்காகப் பளுதூக்கிப் பழகி வந்தார். அவர் மார்பின் அகலத்தைக் கண்டு மகிழ்ந்து, "இன்னும் தூக்கு" என்றேன். தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன் தோள் நோவு கண்டது. கயிறு ஏறும் தேர்வில் பாதியிலேயே கைவிட்டு இறங்கினார். பின்னரே நான் இவற்றைக் கற்றேன்.

டம்பெல்லைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது அதன் எடை கீழ்நோக்கியே இழுக்கிறது. கை தொங்குகையில் தோளுக்கு வேலை மிகக் குறைவு. கை கிடையாக நீளும்போதே முழுப்பளு. கம்பி வடமோ கப்பி இருக்கும் திசை நோக்கி இழுக்கிறது. கப்பியை ஏற்றியும் இறக்கியும் அத்திசையை நாமே அமைக்கலாம். தொடக்கத்திலேயே தசைக்கு வேலை தரலாம்.

மூன்று பயிற்சிகள் போதும். கப்பியைத் தாழ வைத்து, அதற்கு அப்புறமுள்ள கையால் பிடியைப் பற்றித் தோள்மட்டம் வரை பக்கவாட்டில் உயர்த்துவது ஒன்று; இது நடுப்பகுதிக்கு. முக உயரத்தில் கப்பியை வைத்து, முழங்கைகளை விரித்துக் கயிற்றுப் பிடியை முகத்தை நோக்கி இழுப்பது இரண்டாவது, இது பின்பகுதிக்கு. கப்பியை முழங்கை உயரத்தில் வைத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, முன்கையை மட்டும் வெளிப்புறம் திருப்புவது மூன்றாவது. இது காவல் தசைகளுக்கு.

உடலைக் குலுக்காமல் பன்னிரண்டு முதல் பதினைந்து முறை செய்யக்கூடிய எடையே உங்கள் எடை. திரும்பும்போது கையை மெல்ல விடுங்கள். வாரம் இருமுறை செய்து, இடையே ஓய்வு தாருங்கள். கூர்மையான வலி தோன்றினால் நிறுத்தி மருத்துவரை நாடுங்கள்.

மற்றொன்று: சில பொறிகளில் நகரும் கப்பியும் உண்டு. அங்கே கை ஒரு மீட்டர் இழுத்தால் தகடு அரை மீட்டரே உயரும். பத்து கிலோ எனப் பொறித்த தகடு கைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோவே. ஆகவே தகட்டின் எண்ணை நண்பரோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்வதில் பொருளில்லை.

என் மாணவர் மருத்துவரின் அறிவுரைப்படி மிகக் குறைந்த எடையில் மீண்டும் தொடங்கினார். மறுமுறை கயிற்றின் உச்சியைத் தொட்டார். அன்று நான் அவரிடம் எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. தோள் நலமா என்றே கேட்டேன்.