சார்புக்கு அனுப்பப்படும் அணி: மூலமா, பிரதியா?

கணினிச் செய்நிரலிலே பல பெறுமதிகளை ஒரே பெயரின்கீழ் வரிசையாக வைத்திருக்கும் அமைப்பு அணி எனப்படும். அதனைச் சார்பொன்றிடம் ஒப்படைக்கும்போது அச்சார்பின் கைக்குச் செல்வது மூல அணியா, அதன் பிரதியா? இது வெறும் இலக்கண நுட்பமன்று. தரவுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது. 1995ஆம் ஆண்டிலே தோன்றிய இரு ஸ்கிரிப்ற் மொழிகளான ஜாவாஸ்கிரிப்ற்றும் பிஎச்பியும் இதற்கு எதிரெதிரான விடைகளைத் தருகின்றன.

மாணவர் பெயர்கள் ஓரணியிலும், அவர்தம் புள்ளிகள் மற்றோரணியிலும் ஒரே ஒழுங்கில் உள்ளன எனக் கொள்வோம். புள்ளிகளின் இடையத்தைக் காணும் சார்பு முதலில் அவற்றை ஏறுவரிசைப்படுத்துகிறது. ஜாவாஸ்கிரிப்ற்றில் இடையம் சரியாகவே கிடைக்கும். (எண்களை ஒப்பிடும் விதியைத் தனியே கொடாவிடின் அம்மொழி 100ஐ 45க்கு முன் வைக்கும் என்பது வேறு கதை.) ஆனால், வெளியேயுள்ள புள்ளியணியின் ஒழுங்கும் குலைந்துவிடும், பெயரணியோ மாறாது. பட்டியலின் முதல் மாணவர் எவராயினும், வகுப்பின் மிகக் குறைந்த புள்ளி அவர் பெயருக்கு நேரே நிற்கும். வழுச்செய்தி எதுவும் தோன்றாது. ஒருவரது பெறுபேறு மற்றொருவருக்குப் போய்ச் சேர்வதை எவரும் அறியார்.

பிஎச்பியில் இவ்விபரீதம் நிகழாது. அங்கே சார்பு வரிசைப்படுத்துவது தன் பிரதியை மாத்திரமே. நினைவகம் வீணாகுமென அஞ்சவேண்டியதில்லை. அணியில் மாற்றம் செய்ய முற்படும் கணத்திலேதான் பிரதி உண்மையில் எடுக்கப்படுகிறது. மூலத்தையே மாற்ற விரும்பின், சார்பின் வரைவிலக்கணத்தில் மாறியின் முன் உம்மைக் குறியை இடல்வேண்டும். முன்னர் அக்குறியை அழைக்கும் இடத்திலும் இடமுடிந்தது. 2012இல் வெளிவந்த 5.4ஆம் பதிப்பு அவ்வழக்கத்தை நீக்கிற்று. இதனால் அழைப்பு வரியை மட்டும் படிப்பவர் தமது அணி மாறுமா என்பதை அறியவியலாது. இதனைக் குறைபாடென்றே கொள்ளத் தோன்றுகிறது.

ஜாவாஸ்கிரிப்ற்றின் முறையை ‘முகவரிவழி அனுப்புதல்’ எனப் பலர் கூறுவர். அது முற்றிலும் பொருந்தாது. சார்பினுள்ளே அம்மாறிக்குப் புதிய அணியொன்றை வழங்கினால் வெளியேயுள்ள அணி பாதிக்கப்படுவதில்லை. உறுப்புகளை மாற்றினாலே பாதிப்பு. 1970களில் சிஎல்யு மொழியை உருவாக்கிய பார்பரா லிஸ்கோவ் குழுவினர் இம்முறைக்குப் ‘பகிர்வு’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அதுவே தகுந்த பெயர்.

மூலத்தைத் தொடாது வரிசைப்படுத்திய புதிய அணியைத் தரும் வசதி 2023ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ற் நியமத்தில் இடம்பெற்றது. எனினும் அப்பிரதி மேலோட்டமானது. அணிக்குள் அணி இருப்பின், வெளி அணி மாத்திரமே புதிது. உள்ளேயுள்ளவை இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும்.