டிஸ்க் பிரேக் ஜாம் ஆகுதா? கைக்கு கிடைச்ச கிரீசை தடவினா ஆபத்து!

சென்னை:
பிரேக் லீவரை விட்ட பிறகும் வண்டியை ஏதோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கிறதா? சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கம் ஒருவர் அமுக்கிப் பிடிக்க, முன் சக்கரத்தை கையால் சுழற்றிப் பாருங்கள். அரை சுற்றிலேயே நின்றுவிட்டால் டிஸ்க் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது என்று அர்த்தம். மைலேஜ் குறையும். கருகிய வாடை வரும். புது பேட் மாற்றி கொஞ்ச நாளிலேயே தேய்ந்து போயிருக்கும்.

இந்த நேரத்தில் பலரும் செய்யும் வேலை, கையில் கிடைத்த ஆயிலை விடுவதுதான். செயினுக்கு விடும் ஆயில், பேரிங்குக்கு வைக்கும் மஞ்சள் கிரீஸ், துரு கழற்றும் ஸ்பிரே என்று எது இருக்கிறதோ அது பிரேக்குக்குள் போகிறது. அன்றைக்கு வண்டி லேசாக ஓடும். பிறகுதான் வில்லங்கம் ஆரம்பம்.

எங்கே ஒட்டுகிறது?

லீவரை அமுக்கினால் பிரேக் ஆயில் அழுத்தத்தில் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே தள்ளப்படுகிறது. அது பேடை டிஸ்க் மீது அழுத்துகிறது. லீவரை விட்டதும் பிஸ்டனை பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனை சுற்றியிருக்கும் ரப்பர் சீல்தான் லேசாக முறுக்கிக்கொண்டு, திரும்ப நிமிரும்போது பிஸ்டனை மயிரிழை அளவு உள்ளே இழுக்கிறது. மொத்த பிரேக்கும் நம்பி இருப்பது அந்த சின்ன ரப்பர் வளையத்தைத்தான்.

சாதாரண பைக்குகளில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அதனால் கேலிப்பரே இரண்டு ஸ்லைடு பின் மேல் அப்படியும் இப்படியும் நகர வேண்டும். அந்த பின் காய்ந்து துரு பிடித்தால் கேலிப்பர் நகராது. ஒரு பேட் மட்டும் மொட்டையாக தேய்ந்து, இன்னொன்று புதுசு போல இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்லைடு பின்னை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளைப் போல, மழைநீரில் கிடந்த எந்த வண்டிக்கும் இந்த தொல்லை வரலாம். கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளுக்கு உப்புக்காற்றே போதும்.

ரப்பர் உப்பினால் கதை முடிஞ்சது

பிரேக்குக்குள் இருக்கும் சீல், டஸ்ட் கவர் ரப்பர்கள் பிரேக் ஆயிலை தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் ஆகியவை அவற்றுக்கு பரம எதிரி. பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும். உப்பிய சீல் பிஸ்டனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஒட்டுவதை சரிசெய்ய விட்ட ஆயிலே மேலும் ஒட்ட வைக்கும்.

இதைவிட மோசம், பிரேக் ஆயில் டப்பாவில் இன்ஜின் ஆயிலை ஊற்றுவது. கேலிப்பர் சீல், லீவர் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் சீல், ஹோஸ் எல்லாமே கெட்டுப்போகும். கழுவி ஊற்றினால் போதாது. ரப்பர் பாகம் அத்தனையும் மாற்றியே ஆக வேண்டும்.

டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேக்கள் துருப்பிடித்த நட்டை கழற்ற நல்லவைதான். ஆனால் பிரேக் பக்கம் கொண்டுபோகக் கூடாது. டிஸ்க்கிலோ பேடிலோ பட்டால் பிடிமானமே போய்விடும். பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். துடைத்தால் போகாது, மாற்றத்தான் வேண்டும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் சில இடங்களில் பளபளப்புக்காக டீசல், ஆயில் அடித்து விடுவார்களே, அப்போது டிஸ்க் பக்கம் அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்போ எதைத்தான் தடவுவது?

ஸ்லைடு பின்னுக்கு பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ். இது ரப்பரை உப்ப வைக்காது, சூட்டில் உருகி ஓடாது. பழைய கிரீசை சுத்தமாக துடைத்து, துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, காய்ந்த பிறகு மெலிதாக பூசினால் போதும். அள்ளி அடைத்தால் பின் உள்ளே போகாமல் கிரீசே முட்டிக்கொண்டு நிற்கும். பின்னை மூடும் ரப்பர் கவர் கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையிலேயே பழைய கதைதான்.

பேடின் முதுகுப்பக்கம், பேட் நகரும் முனைகள், இரும்போடு இரும்பு உரசும் இடம். அங்கே செராமிக் பிரேக் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். கீச் கீச் சத்தமும் குறையும். செம்பு கலந்த கிரீசும் இந்த இடத்துக்கு சிலர் வைக்கிறார்கள். ஆனால் அதை ரப்பர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பேடின் உரசும் முகத்தில் எதுவுமே படக்கூடாது என்பதை தனியாக சொல்ல வேண்டியதில்லை.

பிஸ்டனுக்கும் சீலுக்கும் புது பிரேக் ஆயிலே போதும். சிவப்பு நிற ரப்பர் கிரீஸ் கிடைத்தால் அதையும் வைக்கலாம். பிஸ்டனில் துரு குழி விழுந்திருந்தால் எந்த கிரீசும் காப்பாற்றாது. பிஸ்டன், சீல் செட்டை மாற்றுவதே வழி.

சிலிக்கான் கிரீஸ் சின்ன டியூபாகவே வருகிறது. தொட்டுத் தொட்டு வைப்பதால் ஒரு டியூப் பல சர்வீசுக்கு வரும். மஞ்சள் கிரீஸ் மலிவுதான். ஆனால் கேலிப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்ற நேர்ந்தால் அந்த மிச்சம் எந்த மூலைக்கு?

அலட்சியம் வேண்டாம்

ஒட்டிப் பிடிக்கும் பிரேக் ஓடிக்கொண்டே இருந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு இந்த அளவு 140, 155 என்று இறங்கிவிடும். உள்ளே கொதித்து ஆவியானால் லீவர் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. பேருந்துக்குப் பின்னால் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் 2 வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். எந்த டாட் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும்.

நடுவழியில் ஜாம் ஆனால் சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பிளேட் வளைந்துவிடும். ஓரங்கட்டி ஆற விடவும். பிறகு கேலிப்பரில் இருக்கும் பிளீடர் நட்டை மெக்கானிக் லேசாக தளர்த்துவார். சக்கரம் உடனே விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரிலோ ஹோசிலோ இருக்கிறது. அப்படியும் விடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ மாட்டியிருக்கிறது. பிளீடரை திறந்தால் காற்று புகுந்திருக்கும், ஏர் எடுக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

வேலை முடிந்து வண்டியை வாங்கும்போதும் ஒரு விஷயம் இருக்கிறது. பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருப்பதால் முதல் இரண்டு மூன்று தடவை லீவர் சும்மா போகும், பிரேக்கே பிடிக்காது. கடை வாசலில் நின்றபடியே லீவர் கெட்டியாகும்வரை அமுக்கிப் பார்த்த பிறகே கியர் போடணும்.