சாப்பிட்ட வேளையால் வகுங்கள்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்றால் ஒரு பக்கம் சென்னை, எதிர்ப்பக்கம் கும்பகோணம், மற்ற இரண்டு பக்கமும் சிதம்பரமும் விருத்தாசலமும். கரும்பு அரைவை முடிந்து பள்ளிக்கூடமும் லீவு விட்டால் இங்கே டீக்கடை பெஞ்சில் பேச்சு கொடைக்கானலுக்குப் போய்விடும். வண்டி பேசியாகிவிட்டது, ரூமும் பார்த்தாகிவிட்டது, ஒரு கேள்விதான் பாக்கி. "அண்ணே, சாப்பாட்டோட சேத்து இப்பவே கட்டுனா லாபம்ங்கிறாங்க. கட்டிடலாமா?"

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கணக்குப் போட்டுவிடலாம். பேனாவும் துண்டுச் சீட்டும் இருந்தால் போதும்.

முதலில் ஓட்டல்காரர்கள் சொல்லும் எழுத்துகள். இ.பி. என்றால் ரூம் மட்டும். சி.பி. என்றால் ரூமும் காலை டிபனும். எம்.ஏ.பி. என்றால் அதோடு மதியமோ ராத்திரியோ இன்னொரு வேளை, பெரும்பாலும் ராத்திரிதான். ஏ.பி. என்றால் மூன்று வேளையும். பேக்கேஜ் என்று ஒரே தொகையைச் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நான்குக்கும் தனித்தனி விலை கேளுங்கள். சாப்பாட்டின் விலை அந்த வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள், வீட்டுக்காரம்மா, இரண்டு பிள்ளைகள். மூன்று ராத்திரி தங்கல். ஒரு நாளுக்கு ரூம் மட்டும் 3,600 ரூபாய், டிபனோடு 4,200, ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்தால் 5,800, மூன்று வேளையும் என்றால் 7,000. கழித்துப் பாருங்கள். டிபன் 600, ராத்திரி 1,600, மதியம் 1,200. நான்கால் வகுத்தால் தலைக்கு 150, 400, 300. மதியச் சாப்பாடு 300 ரூபாய் என்றால் மலை மேல் பரவாயில்லையே என்று தோன்றும்.

இங்கேதான் ஏமாறுகிறோம். காசு கட்டிய வேளையால் வகுத்தால் போதாது, சாப்பிடப் போகிற வேளையால் வகுக்க வேண்டும்.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்புவீர்கள். வீட்டில் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்திருப்பார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி அதைப் பிரித்துவிடுவீர்கள். அன்றைய மதியச் சாப்பாடு போச்சு. இரண்டாம் நாள் பூம்பாறைக் கோயிலைப் பார்த்துவிட்டு மன்னவனூர் புல்வெளிக்குப் போனால், திரும்ப மாலையாகிவிடும். அதுவும் போச்சு. மூன்றாம் நாள் ஊருக்குள்ளேயே ஏரியும் பூங்காவும் சுற்றினால் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடலாம். மூன்று மதியத்துக்குக் கட்டியது 3,600. சாப்பிட்டது ஒன்று. தலைக்கு 900 ரூபாய்.

காசு கட்டிவிட்டோமே என்று மன்னவனூரிலிருந்து பாதியில் திரும்புகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். பார்க்கப் போனதையும் பார்க்காமல், மலைப்பாதையில் டீசலையும் எரித்து, சாம்பார் சாதத்துக்காக ஓடி வருவது.

டிபன் கதை வேறு. குளிரில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளப்பி, கடை தேடிப் போவதை நினைத்தால் 600 ரூபாய் கொடுத்துவிடலாம். கிளம்பும் முன் எப்படியும் சாப்பிட்டாக வேண்டும். அதனால் அந்த வேளை வீணாவது குறைவு. ஊர் திரும்பும் நாள் மட்டும் ஜாக்கிரதை. டிபன் திறப்பதற்கு முன்பே புறப்படுவதாக இருந்தால், பார்சல் கட்டித் தருவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரூம் இருக்கும் இடம்தான் கணக்கு. கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் தங்கினால் நடக்கிற தூரத்தில் மெஸ்ஸும் பரோட்டா கடையும் இருக்கும், முன்பணம் தேவையில்லை. மன்னவனூர் பக்கமோ, வால்பாறையில் எஸ்டேட் பங்களாவிலோ தங்கினால் இருட்டிய பிறகு வெளியே போவது லேசில்லை. அங்கே எம்.ஏ.பி. எடுப்பதுதான் புத்தி. வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டிய பெரியவர்கள் கூட வந்தாலும் அப்படியே.

பிள்ளைகள் கணக்கைத் தனியாகப் பாருங்கள். பஃபே மேஜையில் பத்து வயசுப் பிள்ளை எடுப்பது இரண்டு அப்பளம், ஒரு குலாப் ஜாமூன், கொஞ்சம் தயிர் சாதம். அதற்கு 400 ரூபாயா? எத்தனை வயது வரை இலவசம், எத்தனை வயது வரை பாதி என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். கூட்டம் குறைந்தால் பஃபே போடாமல் அவர்கள் வைத்ததைத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்; அதையும் கேளுங்கள்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; அதற்கு மேல் போனால் 18. சாப்பாட்டையும் சேர்த்து ஒரே விலையாகப் பில் போடும் இடத்தில் இந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும். 7,000 ரூபாய்க்கு வரி 350. சீசன் என்று 600 ஏற்றி 7,600 ஆக்கினால் வரி 1,368. டிபனோடு மட்டும் எடுத்திருந்தால் கோட்டுக்குக் கீழேயே நின்றிருப்பீர்கள். அங்கேயே தனியாகச் சாப்பிட்டு, பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அப்படிப் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. மறுத்தால் 1915க்குப் போன் போடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் முன்பணம் கட்டத்தான் மனசு சொல்லும். அது நமக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. கிளப் மெட் என்ற சுற்றுலா நிறுவனம் 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரம் அடித்து, தங்க, சாப்பிட, விளையாட எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் என்று ஆரம்பித்தது. உலகமே பின்னால் போனது. 1998இல் பிரெலெக், லோவன்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில், வாஷிங் மெஷினுக்குப் பிறகு தவணை கட்டலாம் என்கிறவர்களும் சுற்றுலாவுக்கு முன்பே கட்டிவிடத்தான் விரும்பினார்கள். போன இடத்தில் ஒவ்வொரு தோசைக்கும் விலை பார்க்காமல் இருப்பது ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகக் கூடக் கொடுப்பது தப்பில்லை. அதை லாபம் என்று எண்ணிக் கொடுத்தால்தான் தப்பு.

ஆக, ஊருக்குள் தங்கினால் சி.பி. போதும். போன் பண்ணும்போது ஒன்றைக் கேட்டு வையுங்கள்: "ராத்திரிச் சாப்பாடு வேணும்னா அன்னிக்கு மத்தியானம் சொன்னா போதுமா, என்ன விலை?" போன பிறகு ஒரு வேளையைச் சேர்ப்பது சுலபம், கட்டிய வேளையைக் கழித்துக் காசைத் திருப்பி வாங்குவதுதான் பாடு.