தொடங்கிய பணி

பவுல் அடிகள் சிறையில் இருந்த காலத்தில், மக்கெதோனியா நாட்டுப் பிலிப்பி நகரத்துத் திருச்சபையாருக்கு ஒரு நிருபம் வரைந்தார். அவர்களுள்ளே நல்ல பணியொன்றைத் தொடங்கிய கடவுள் அதனை இடையிற் கைவிடாது நிறைவேற்றுவார் என்னும் தமது நம்பிக்கையை அதன் தொடக்கத்திலேயே அவர் வெளியிடுகின்றார். கிறிஸ்தவ வாழ்வுக்கு ஊன்றுகோலாய் விளங்குவது இந்நம்பிக்கை. எனினும் இதனைப் பிழைபட விளங்கிக்கொள்வதும் எளிது. கடவுள் முடிப்பாராயின் நாம் செய்யவேண்டியது யாது என்று வாளாவிருப்போர் சிலர். மனந்திரும்பிய அன்றே யாவும் முடிந்துவிட்டன என்று மனநிறைவு கொள்வோர் வேறு சிலர். இவ்விரு எண்ணங்களும் பொருந்தா என்பதனை ஜோன் நியூட்டன் என்பாரின் வரலாறு நன்கு காட்டும்.

நியூட்டன் 1725ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் பிறந்தார். ஏழு வயது நிறையுமுன்னே தாயை இழந்தார். 1744ஆம் ஆண்டில் அவரைப் பலவந்தமாகக் கடற்படையிற் சேர்த்தனர். அங்கிருந்து தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பெற்றார். பின்னர் மேற்கு ஆபிரிக்கக் கரையிலே அடிமை வணிகன் ஒருவனிடம் வேலைக்கமர்ந்து, பசியும் நோயும் அவமதிப்பும் அனுபவித்தார். கடவுளை இகழ்ந்து பேசுவதே அந்நாளில் அவருக்கு வழக்கமாயிருந்தது.

1748ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் ஊர் திரும்பிய கப்பல் அத்திலாந்திக் கடலிற் பெரும் புயலில் அகப்பட்டது. பலகைகள் பிளந்து நீர் உட்புகுந்தது. பல மணி நேரம் நீரிறைத்துக் களைத்த நியூட்டன், தாம் இகழ்ந்துவந்த கடவுளின் இரக்கத்தையே நாடினார். கப்பல் தப்பிக் கரைசேர்ந்தது. அந்நாளைத் தமது வாழ்வின் திருப்பமாக அவர் இறுதிவரை நினைவுகூர்ந்து வந்தார்.

வரலாறு இவ்விடத்தில் முடிந்திருக்குமாயின் கேட்போருக்கு இனிமையாயிருக்கும். அது அவ்வாறு முடியவில்லை. 1750 முதல் 1754 வரை, மூன்று பயணங்களில், அடிமைக் கப்பல்களின் தலைவராக அவர் கடமையாற்றினார். கப்பலில் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். அதே கப்பலின் அடித்தட்டிலே ஆபிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டு நெருக்கமாய்க் கிடந்தனர். வழிபாட்டிற்கும் விலங்கிற்கும் உள்ள முரண்பாடு அன்று அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. 1754ஆம் ஆண்டில் அவர் அத்தொழிலை விட்டதும் மனச்சாட்சி உறுத்தியதனாலன்று. திடீரென நேர்ந்த நோயே அவரைக் கரையில் நிறுத்தியது.

அடுத்த ஆண்டில் லிவர்பூல் துறைமுகத்துச் சுங்கப் பகுதியில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. ஓய்வு நேரத்தில் கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். 1764ஆம் ஆண்டிலே குருப்பட்டம் பெற்று, ஓல்னி என்னும் சிற்றூரிற் பணிபுரிந்தார். கவிஞர் வில்லியம் கூப்பருடன் சேர்ந்து 1779ஆம் ஆண்டில் ஒரு ஞானப்பாட்டுத் தொகுதியை வெளியிட்டார். கடவுளின் வியத்தகு கிருபையைப் புகழும், உலகெங்கும் இன்று பாடப்படும் பாடல் அத்தொகுதியில் உள்ளதே. 1780ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார். 1785ஆம் ஆண்டில் வில்லியம் வில்பர்போர்ஸ் என்னும் இளம் பாராளுமன்ற உறுப்பினர் அவரிடம் ஆலோசனை நாடி வந்தார். அரசியலைத் துறக்காது, அங்கிருந்தே கடவுளுக்கும் நாட்டிற்கும் தொண்டாற்றுமாறு நியூட்டன் அவரை ஊக்கினார்.

1788ஆம் ஆண்டில் நியூட்டன் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதினார். தாம் அக்கொடுமையிற் பங்குகொண்டதை மறையாது கூறினார். தமது அறிக்கை காலந்தாழ்த்தி வந்ததென்பதையும் ஒப்புக்கொண்டார். பின்னர்ப் பாராளுமன்றக் குழுவின் முன்னே சாட்சியும் அளித்தார். 1807ஆம் ஆண்டு மார்ச் மாதம் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியது. அவ்வாண்டு திசெம்பர் மாதம் அவர் காலமானார்.

புயலுக்கும் சிறுநூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அவற்றுள் அவர் கப்பல்களில் ஏற்றப்பட்ட மக்களின் கண்ணீருக்கு எந்த விளக்கமும் ஈடாகாது. கடவுள் மெல்ல மெல்லத் திருத்தினார் என்று கூறி அக்குற்றத்தைச் சிறிதாக்குதல் நேர்மையுமன்று. நியூட்டனும் அவ்வாறு செய்யவில்லை. கடவுளின் பணி தம்முள் நடைபெறுகின்றதென்னும் நம்பிக்கை, குற்றத்தை மூடும் போர்வையாக அன்றி, அதனை வெளியிடும் துணிவாகவே அவருக்கு உதவிற்று.

இதுவே அந்நம்பிக்கையின் பயன். தன்னை நிறைவுற்றவனென எண்ணுபவன் தன் குறையைக் காணான். தன்னைக் கைவிடப்பட்டவனென எண்ணுபவனோ, கண்டாலும் அதனைச் சொல்லத் துணியான். கடவுள் இன்னும் தன்னைவிட்டு நீங்கவில்லை என்று நம்புபவனே, அறுபதைக் கடந்த வயதிலும், "நான் செய்தது தவறு" என்று உலகறியக் கூறுவான்.

பிலிப்பியருக்கு எழுதிய அதே நிருபத்திலே பவுல் அடிகள் மேலும் இரண்டு கருத்துக்களைக் கூறுகின்றார். கடவுளே உள்ளிருந்து செயலாற்றுவதனால், அச்சத்தோடு முயலுங்கள் என்பது ஒன்று. தாமும் இன்னும் இலக்கை அடைந்துவிடவில்லை, ஓடிக்கொண்டே இருப்பதாகச் சொல்வது மற்றொன்று. தொடங்கியவரின்மீது நம்பிக்கை வைத்தவன் ஓட்டத்தை நிறுத்தமாட்டான். நேற்றுக் காணாத தவறொன்றை இன்று காண நேரின், அதனைக் கண்டு மனம் நொந்து சோரவும் மாட்டான். பணி நின்றுவிடவில்லை என்பதற்கு அதனையே ஓர் அடையாளமாகக் கொண்டு, திருந்த முயல்வான்.