கடைசிப் பறிப்பு: குப்பைக்கா, கறி பஃப்புக்கா?



"கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்" என்று ஒரு பழமொழி உண்டு. உட்லண்ட்ஸ் வட்டாரத்தில், வீவக புளோக்குகளுக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டங்களில் முற்றிப்போகும் கத்தரிக்காய் கடைத்தெருவுக்கு வருவதில்லை. அப்படியானால் அது எங்கே போகிறது? இந்த வாரக் கலந்துரையாடலுக்கு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

முதல் பறிப்புக்கு எல்லாரும் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள், பங்கு கேட்கிறார்கள். கடைசிப் பறிப்பை மட்டும் யாரும் கேட்பதில்லை. நான்கு கத்தரிக்காய், ஒரு பிடி பயற்றங்காய், கோணிப்போன இரண்டு பீர்க்கங்காய், சிவக்காத தக்காளி ஆறேழு, பூசணிக்கொடியின் இளந்தளிர். எதை எடுத்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஒருவேளைக் கறிக்குப் போதாது. அந்தக் கடைசிக் கூடையை வீட்டிலேயே கறி பஃப் ஆக்குவது எப்படி, ஆக்குவதால் என்ன நன்மை என்று பார்ப்போம்.

குளிர்காலம் இல்லாத ஊரில் கடைசி எது?

குளிர் நாடுகளில் முதல் உறைபனி விழுவதற்குள் தோட்டத்தைக் காலி செய்தாக வேண்டும். பழுக்காத தக்காளி, பூசணி, கிழங்கு என்று மிஞ்சியதையெல்லாம் பறித்து, மாவுத் தகட்டுக்குள் வைத்துச் சுட்டு, 'பை' என்ற பலகாரமாக்கி விடுவார்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நமக்குப் பனியும் இல்லை, பகல் பொழுது குறைவதும் இல்லை. ஆனாலும் செடிக்கு என்று ஓர் ஆயுள் இருக்கிறது. பயற்றங்கொடி சில வாரங்கள் காய்த்துவிட்டு ஓய்ந்துவிடும். வெண்டைச் செடி உயர வளர்ந்து, காய் சிறுத்து, நார் ஏறும். அதோடு ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. சராசரியாகப் பார்த்தால் நமக்கு அதிக மழை தரும் மாதம் டிசம்பர். மழை வலுத்தால் வேர் அழுகும், பூ உதிரும். அதற்கு முன்பே பாத்தியைச் சுத்தம் செய்து மறு விதைப்புக்குத் தயாராவது நல்லது.

அந்த நேரத்தில்தான் தீபாவளியும் வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தோட்டம் இங்கே சின்ன விஷயமல்ல

தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவு முழுவதும் ஏறத்தாழ 2,000 சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. உட்லண்ட்சில் 2018ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்டியைப் பாருங்கள். கீழே உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், மூத்தோருக்கான வீடுகள். மேல்மாடியில் குடியிருப்பாளர்கள் பராமரிக்கும் தோட்டம். அதே ஆண்டில் உலகக் கட்டடக்கலை விழாவில் 'ஆண்டின் சிறந்த கட்டடம்' என்ற விருதையும் அது பெற்றது.

உட்லண்ட்ஸ்வாசிகளுக்குக் காய்கறி எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஜோகூர் கடற்பாலம் வழியாக லாரிகள் நம் சோதனைச்சாவடிக்குள்தான் நுழைகின்றன. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவது. 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டைத் தொடங்கியபோது, சரக்கு லாரிகள் தொடர்ந்து வந்தன. என்றாலும் அதற்கு முந்தைய நாள் பேரங்காடிகளில் என்ன கூட்டம் என்பது பலருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்களை அனுப்பியது. அப்போது செடி வளர்க்கத் தொடங்கியவர்கள் பலர்.

செடி வளர்ப்பதைக் கற்றுக்கொண்டோம். ஆனால் கடைசிக் காயை என்ன செய்வது என்பதைக் கற்றோமா?

தோட்டத்தில் உழைக்கும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இது: "கொடுத்தா வாங்கிக்குவாங்கம்மா. ஆனா கோணலும் மாணலுமா இருக்கிறத எப்படி ஒருத்தர் கையில கொடுக்கிறது?" நேயர்களே, சிக்கல் இந்தக் கூச்சத்தில்தான் இருக்கிறது. காய் கெட்டுப்போகவில்லை. அதன் தோற்றம் கொடுக்கத் தகுந்ததாக இல்லை. அவ்வளவுதான்.

ஏன் கறி பஃப்?

கதம்பச் சாம்பார், அவியல், கூட்டு என்று பல காய்களைச் சேர்க்கும் சமையல் நம்மிடம் ஏராளம். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவை அன்றைக்கே வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். கறி பஃப் கைக்கு அடக்கமானது. மலாய் வீட்டுக்கும் சீன வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம். பிள்ளையின் பள்ளிப் பைக்குள் போகும். உறைபெட்டியில் தூங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருப்பது கோணலா நேரா என்று யாருக்கும் தெரியாது.

இது நமக்கு அந்நியமான பலகாரமும் அல்ல. மலாய்க்காரர்கள் 'எபோக் எபோக்' என்பார்கள். இன்று எங்கும் கிளை வைத்திருக்கும் ஓல்ட் சாங் கீ, 1956ல் லிட்டில் இந்தியாவை ஒட்டிய மெக்கன்சி ரோட்டில், ரெக்ஸ் திரையரங்குக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் சிறு கடையாகத் தொடங்கியதுதான். நம் வீடுகளில் சோமாசி இருக்கிறது. அதே அரை நிலா வடிவம், அதே ஓர மடிப்பு. உள்ளே தேங்காய்க்கும் சர்க்கரைக்கும் பதிலாகக் காய்கறி, அவ்வளவே. தீபாவளிக்கு எடுத்த சோமாசி அச்சைக் கழுவி உள்ளே வைப்பதற்கு முன் இன்னொரு முறை பயன்படுத்தலாமே! முன்பு தீபாவளியைக் குறிப்பிட்டது இதற்காகத்தான்.

முதலில் தரம் பிரியுங்கள்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பாருங்கள். ஒடிந்தால் வாணலிக்கு, வளைந்தால் விதைக்கு. நார் ஏறிய வெண்டை எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல முடியாது. பயற்றங்காய் புடைத்திருந்தால் தோலை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பயற்றை உரித்துக்கொள்ளுங்கள். அது நல்ல சுவை. கத்தரிக்காயை அரிந்து உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்துப் பிழியுங்கள். விதை கறுத்திருந்தால் அந்தப் பகுதி வேண்டாம். பூசணித் தளிர், சர்க்கரைவள்ளி இலை, முருங்கைக்கீரை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் சேருங்கள்.

ஓர் எச்சரிக்கை. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் மூன்றையும் அரிந்தவுடன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். வெயிலில் வாடிய செடியிலும், அளவுக்கு மேல் முற்றிய காயிலும் குக்கர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள் கூடக்கூடும். சமைத்தாலும் அது போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் கடும் வாந்தி, இரத்தப்போக்கு என்று அவதிப்பட்டதை அடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைப்பற்றி எச்சரித்திருக்கிறது. வீணாக்கக்கூடாது என்பதற்காக நஞ்சை உண்ண வேண்டியதில்லை. பாகற்காயின் கசப்பு வேறு. அதற்கு இந்த விதி பொருந்தாது. பச்சைத் தோல் ஏறிய உருளைக்கிழங்கையும் தவிர்த்துவிடுங்கள்.

செய்முறை

பன்னிரண்டு பஃப்புகளுக்கு 250 கிராம் கோதுமை மாவு, 110 கிராம் குளிர்ந்த வெண்ணெய் அல்லது மார்ஜரின், அரைத் தேக்கரண்டி உப்பு. வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்து, 80 முதல் 100 மில்லிலிட்டர் வரை குளிர்நீர் தெளித்துப் பிசைந்து, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வெண்ணெய் சீக்கிரம் உருகும். உருகினால் மொறுமொறுப்பு போய்விடும். நேரம் இல்லாதவர்கள் பேரங்காடியில் விற்கும் உறைய வைத்த பரோட்டாவை வாங்கி, பாதியாக மடித்துப் பயன்படுத்தலாம்.

பூரணத்துக்கு நறுக்கிய கலப்புக் காய்கறி அரைக் கிலோ, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 200 கிராம், வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள். வெங்காயத்தை வதக்கி, கறித்தூளைக் குறைந்த தீயில் எண்ணெயில் பிரட்டி, கெட்டியான காய் முதலில், இளங்காய் அடுத்து, கீரை கடைசி என்று சேருங்கள்.

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். கத்தரிக்காயிலும் சுரைக்காயிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் வாணலியில் வெளியேறாவிட்டால் அடுப்பில் மாவுக்குள் வெளியேறும். அடிப்பக்கம் களியாகிவிடும். ஆகவே அகலமான வாணலி, மூடி போடாத வதக்கல். கரண்டியால் ஒதுக்கினால் அடியில் ஈரம் ஊறக்கூடாது. அப்படியும் ஈரம் தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவைத் தூவுங்கள். நம் பாட்டிமார் செய்த வேலைதான் அது. உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பிரட்டி, தட்டில் பரப்பி, நன்றாக ஆறவிடுங்கள். சூடான பூரணம் மாவிலுள்ள கொழுப்பை உருக்கிவிடும். ஆனால் ஆறட்டும் என்று மத்தியானம் முழுக்க மேசையில் விட்டுவிடாதீர்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆறியதும் குளிர்பெட்டிக்குள் வையுங்கள்.

மாவை வட்டமாகத் தேய்த்து, பூரணம் வைத்து, மடித்து, ஓரத்தைப் பின்னுங்கள். மேலே முட்டைக்குப் பதில் பால் தடவினால் சைவ வீட்டுக்கும் கொடுக்கலாம். 190 டிகிரி செல்சியசில் சுமார் 25 நிமிடம், பொன்னிறமாகும்வரை சுடுங்கள். எண்ணெயில் பொரித்தாலும் தவறில்லை. மிஞ்சினால், சுடாமல் தட்டில் வரிசையாக உறைய வைத்துப் பிறகு பொட்டலத்தில் போடுங்கள். வேண்டும்போது உறைந்த நிலையிலேயே அடுப்பில் வைத்துச் சில நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும்.

மிச்சப்பட்டது என்ன?

கலந்துரையாடலில் ஒரு நேர்மையான கேள்வி வரும். வெண்ணெய், மாவு, மின்சாரம் என்று செலவு செய்து, சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் காயைக் காப்பாற்றுவது கணக்குக்கு ஒத்துவருமா? பணக் கணக்கில் பெரிய ஆதாயம் இல்லை என்றே சொல்வேன். நாட்டின் கணக்கிலும் நம் ஒரு கூடை பெரிதல்ல. 2023ல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு 755,000 டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடுதான். செமக்காவ் குப்பை நிரப்பும் தளம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். ஆனால் தேசிய சுற்றுப்புற வாரியம் 2017ல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் வீசப்படும் உணவுக் கழிவில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியது என்றது. எது தவிர்க்கக்கூடியது என்று பார்க்கும் பழக்கம் இப்படிப்பட்ட சின்னக் கூடையில்தான் தொடங்குகிறது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. விடியற்காலையில் தண்ணீர் ஊற்றி, புழு பிடுங்கி, மூன்று மாதம் உழைத்தவர் கடைசிக் கூடையைத் தன் கையாலேயே குப்பையில் கொட்டினால், அடுத்த விதைப்புக்கு அவருக்கு மனம் வருமா? தோட்டம் தொடர வேண்டுமானால் தோட்டக்காரரின் மனம் தளரக்கூடாது.

ஆகவே சில யோசனைகள். அடுத்த முறை விதைக்கும்போது எல்லா விதையையும் ஒரே நாளில் போடாதீர்கள். இரண்டு வார இடைவெளி விட்டுப் போட்டால் பறிப்பும் பிரிந்து வரும். கடைசிப் பறிப்புக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டார் ஆளுக்கொரு பிடி கொண்டுவரட்டும். ஒரு வீட்டில் அடுப்பு, இன்னொரு வீட்டில் மாவு. மலாய் அண்டைவீட்டாருக்கும் கொடுப்பதாக இருந்தால், ஹலால் முத்திரை உள்ள மார்ஜரினை வாங்கி, என்னென்ன சேர்த்தோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காம்பு, தோல், உரித்த பயற்றங்கூடு எல்லாம் பாத்திக்கே உரமாகப் போகட்டும். நோய் கண்ட செடியை மட்டும் உரக்குழியில் போடாதீர்கள்.

கொடுக்கக் கூச்சப்பட்ட அந்தப் பெரியவரைப் போல் உங்கள் புளோக்கிலும் ஒருவர் இருப்பார். இந்த வார இறுதியில் கீழே இறங்கிப் போய், "ஐயா, கடைசிக் காய் மிச்சம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு வாங்கினால், திரும்பும்போது தட்டில் நான்கு பஃப் கொண்டுபோய்க் கொடுக்க மறக்காதீர்கள்.